பிள்ளைமேட்டில் பெயர் கேட்டார்கள்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
15 ஜூன் 2025

வருங்கால சிஸ்டர் லினெட் அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறிவித்துக்கொள்வது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறையில் பல்லாண்டுகள் தன்னலமின்றித் தொண்டாற்றிய பச்சை பிளாஸ்டிக் மக் அவர்கள் நேற்றுக் காலை கைப்பிடி முறிந்து காலமானார். அன்னாரது இறுதி ஊர்வலம் குப்பை வண்டியில், ஒலிபெருக்கிப் பாட்டுடன் நடந்தது. மலர்வளையம் வைக்க யாரும் வரவில்லை.

நீ நலமா? கன்னியர் மடத்து நொவிஷியேட்டில் பயிற்சி முடியும்வரை போன் கூடாது, கடிதமும் முதலில் மதர் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்று அம்மா சொன்னார். ஆகவே இதைப் படித்துக்கொண்டிருக்கும் மதர் அவர்களுக்கு என் பணிவான வணக்கம். என் கையெழுத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு. இங்கே அப்பா நலம், அவர் ஓட்டும் டெம்போவும் நலம். நான் பிளஸ் டூ, ஆகவே நலமில்லை.

இப்போது பெரிய செய்தி. நம் தெருமுனைப் பிள்ளைமேடு உனக்குத் தெரியும், மதருக்குத் தெரியாது. அவருக்காக எழுதுகிறேன். ஒரு மண்மேடு, ஒரு வேப்பமரம், ஒரு பாழுங்கிணறு. பிறந்தும் பிறக்காமலும் போன குழந்தைகளை எத்தனையோ காலமாக அங்கேதான் புதைப்பார்கள். இந்துக்கள் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை. நம் ஆட்களோ, ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். மரத்தடியில் செங்கல் மாடம் ஒன்று உண்டு. இடது பக்கம் அகல், வலது பக்கம் மெழுகுவர்த்தி. காற்று அடித்தால் இரண்டையும் பாரபட்சமில்லாமல் அணைக்கும்.

போன வாரம் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி, மேட்டோரத்தில் ஒரு பழைய செங்கல் சுவரையும், பூ செதுக்கிய கல் ஒன்றையும் தூக்கிவிட்டது. கோயில் கமிட்டி கண்ணையன், அது தாமரை, கீழே பிரெஞ்சுக்காரன் இடித்த அம்மன் கோயில் இருக்கிறது என்கிறார். நம் பங்குக் கமிட்டி அமலோர், பிரெஞ்சு பேசுவதால் ஊருக்கெல்லாம் 'முசே', அது லீலி மலர், கீழே இருப்பது முதல் மாதா கோயில் என்கிறார். நானும் எதிர்வீட்டுப் பாரதியும் எட்டிப் பார்த்தோம். காலிஃபிளவர்.

மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். அம்மாதான் கல் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறார். ரசத்தில் இரண்டு தடவை உப்பு. நான் குறை சொல்லவில்லை, இரண்டு தடவை குடித்தேன்.

உன் தேக சுகத்துக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் ஜெபிக்கும்,
நெல்சன்


நொவிஷியேட், திண்டுக்கல்
30 ஜூன் 2025

அன்புள்ள தம்பி நெல்சனுக்கு, மாதா உன்னைக் காக்க.

நான் நல்ல சுகம். இங்கே வெயில் அதிகம், தண்ணீர் குறைவு, வேலை சரியாக இருக்கிறது. உன் கடிதத்தைக் கொடுக்கும்போது மதர் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்கள். மக்குக்காக இரங்கல் தெரிவிக்கச் சொன்னார்கள்.

அப்பா மத்தியானம் சாப்பிட வருகிறாரா? அம்மா தூங்குகிறாரா? அதை மட்டும் விளையாட்டு இல்லாமல் எழுது.

மேட்டில் எந்தப் பக்கம் தோண்டுகிறார்கள்? சந்துப் பக்கமா, கிணற்றுப் பக்கமா? அதையும் எழுது.

டிசம்பரில் நான் கன்னியராக முதல் வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும். அதுவரை வீட்டுக்கு வர அனுமதி இல்லை. எல்லோருக்கும் என் அன்பு. படி.

இயேசுவில் உன் அக்கா,
லினெட்


நெல்லித்தோப்பு
19 ஜூலை 2025

அக்காவுக்கு,

நான் நலம். அப்பா நலம். அம்மாவும் நலம் என்று எழுதச் சொன்னவர் அம்மாதான், ஆகவே அதை நீ பாதிக்குப் பாதி எடுத்துக்கொள். தூக்கம் இல்லை. விளையாட்டு இல்லாமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இனி என் இஷ்டம்.

சமாதானக் கூட்டம் நடந்தது. சமோசா வந்தது, தானம் வரவில்லை. கண்ணையன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். முசே அமலோர் பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடத்தோடு வந்தார். அவர் பேச்சில் பாதி பிரெஞ்சு, மீதி இருமல். இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விஷயம் கோர்ட்டுக்குப் போய், தொல்லியல் துறை ஒரே ஒரு குழி வெட்டிப் பார்க்கட்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. தொல்லை இத்தனை நாள் இருந்தது, இப்போது அதற்கென்று ஓர் இயலும் வந்துவிட்டது. அவர்கள் ஆதாரம் தேடுகிறார்கள், சேதாரம் எல்லாம் தெருவுக்கு. தண்ணீர் லாரி உள்ளே வர முடியவில்லை. அப்பா டெம்போவைப் பக்கத்துப் பேட்டையான சாரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்.

நானும் பாரதியும் எங்களால் ஆன தொண்டைச் செய்தோம். இரண்டு கமிட்டி பேனரையும் இடம் மாற்றிக் கட்டினோம். காலையில் கண்ணையன் ஆட்கள் மாதா படத்தின் கீழேயும், முசே ஆட்கள் அம்மன் படத்தின் கீழேயும் நின்று வெகுநேரம் கோஷம் போட்டார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் கான்ஸ்டபிள்தான் சொன்னார். அடி விழும் என்று ஓடத் தயாராக இருந்தோம். விழவில்லை. கோபப்படக்கூட எல்லோருக்கும் அலுப்பாக இருக்கிறது. பேனர்களை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். குறும்பு செய்து இவ்வளவு சோர்ந்து போனது எனக்கு இதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டு மணியம்மாள் அத்தை ஆடிக் கூழ் கொண்டுவருவாரே. இந்த வருஷம் வாசலிலேயே நின்றார். "குடுக்கலாமா வேணாமான்னு எங்காளுங்க கேக்கறாங்க ஞானமேரி" என்றார். அம்மா தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அத்தை காலித் தூக்குக்காக வாசலில் நின்றது எனக்கு என்னவோ போல இருந்தது. அவர் எப்போதும் அடுப்படி வரை வருகிறவர்.

நீ கேட்டது: கிணற்றுப் பக்கம்தான். சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். எதற்குக் கேட்டாய்? அம்மா தினம் சாயங்காலம் அந்தக் கயிற்றுக்கு வெளியே போய் நிற்கிறார். மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமலே திரும்பக் கொண்டுவருகிறார். போலீஸ் விடுவதில்லை. எதற்கு என்று கேட்டேன். "சும்மாடா" என்றார்.

கவலைப்படாதே. நான் இருக்கிறேன். ஒரு வாரத்தில் இந்த விவகாரத்தை முடித்துவைக்கிறேன்.

மதருக்கு என் வந்தனம்,
நெல்சன்


திண்டுக்கல்
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ ஏன் கேட்டாய் என்று கேட்டிருக்கிறாய். உனக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் தம்பி அங்கே இருக்கிறான், நெல்சன். உனக்கும் எனக்கும் அடுத்து ஒருவன். 2012இல். உனக்கு மூன்று வயது, ரெட்டியார்பாளையம் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிறக்கும்போதே உயிர் இல்லை. அம்மாவைப் படுக்கையிலிருந்து எழ விடவில்லை. அப்பாதான் டவலில் சுற்றி எடுத்து வந்தார். வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, அதனால் நானும் கூடப் போனேன். கிணற்றுப் பக்கம், சுவரை ஒட்டி.

அம்மா அந்த இடத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்பா ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. ஆனால் அம்மா சரியாக அங்கேதான் மெழுகுவர்த்தி வைப்பார். எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று சரியாகப் பார்த்து எழுது. அம்மாவிடம் இதை வைத்து விளையாடாதே. நீ விளையாட மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்னும் எழுத இருக்கிறது. இப்போது முடியவில்லை.

அக்கா


நெல்லித்தோப்பு
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

சுகம். எல்லோரும் சுகம்.

போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டித்தான் கோடு போகிறது. அந்த மேட்டில் நான் எத்தனை தடவை பட்டம் விட்டிருக்கிறேன். நீ ஒரு தடவைகூட மேலே ஏறி வந்ததில்லை, கீழேயிருந்தே கூப்பிடுவாய். சோம்பேறி என்று உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

சரி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நான் முசே அமலோர் வீட்டுக்குப் போனேன். கோர்ட்டில் கொடுத்த மனுவில் குழந்தைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டேன். அவர் நல்லவர்தான், உட்காரச் சொல்லி பிஸ்கட் கொடுத்து, பிரெஞ்சில் 'பொடியா' என்று கூப்பிட்டார். "பெத்தீ, அந்தப் புள்ளைங்க ஞானஸ்நானம் வாங்காததுங்க. அதுங்க இருக்குன்னு நாமளே சொன்னா, கோயில் இருந்த எடத்துல எப்படிப் பொதைச்சீங்கன்னு கேப்பான். நம்ம கேசு வீக்காயிடும்" என்றார். பாரதி கண்ணையனிடம் போனான். அங்கே பிஸ்கட் இல்லை, பதில் அதேதான். இடுகாடு என்று சொன்னால் தீட்டு, தீட்டு என்றால் கோயில் இல்லை என்று ஆகிவிடுமாம். இரண்டு கமிட்டியும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான் அக்கா. யாரும் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு குழி வெட்ட வந்திருக்கும் அதிகாரியைப் பார்த்தோம். மேனகா மேடம். வெயிலில் தொப்பிகூட இல்லாமல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைவிட அவர் களைத்திருந்தார். போகிற ஊரிலெல்லாம் இரண்டு கூட்டம், இரண்டு கோஷமாம். புதைத்த இடம் என்று தெரிந்தால் அவர் குழியைத் தள்ளிப் போடலாமாம். ஆனால் வதந்தியை எழுத முடியாது, பெற்றவர்கள் நேரில் வந்து எந்த இடம், எந்த வருஷம், யார் என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்க வக்கீல்களும் ஏற்கெனவே கேட்டுவிட்டார்களாம், பெயர்கூட இல்லாத பிணத்தை எப்படி நம்புவது என்று. "பேரு சொல்லுங்க தம்பி, நான் எழுதிக்கறேன். பேரில்லன்னா மண்ணுன்னுதான் எழுதணும்" என்றார்.

அங்கேதான் சிக்கல். பெயர் வைப்பதற்குள் போன பிள்ளைகளைத்தான் அங்கே புதைப்பதே. எங்கே போய்ப் பெயரைத் தேடுவது? அம்மா பெயர் ஏதாவது யோசித்து வைத்திருந்தாரா? எனக்கு அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. ஆமாம், எனக்குத்தான். நீயாவது எழுது. செப்டம்பர் நடுவில் வெட்டுவார்கள்.

இதே உறையில் அப்பாவின் கடிதமும் இருக்கிறது. நான் படிக்கவில்லை. (படித்தேன்.)

தம்பி


9 ஆகஸ்ட் 2025

மகள் லினெட்டுக்கு அப்பா லூயிஸ் எழுதுவது.

இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்கு வேண்டுகிறேன். மில் மூடின பிறகு நான் பேனா பிடித்தது குறைவு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நெல்சன் உன்னிடம் பெயர் கேட்டு எழுதியிருக்கிறதாகச் சொன்னான். உனக்கு என்ன தோன்றுகிறதோ எழுது. தப்பு என்று நினைத்துக்கொண்டு எதையும் எழுதாமல் இருக்காதே. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இங்கே மழை வரும் போல இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்.

இப்படிக்கு
அப்பா


திண்டுக்கல்
7 செப்டம்பர் 2025

அன்புத் தம்பி நெல்சனுக்கு,

நீ நலமாய் இருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தை எழுதி, நானே மதர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிறகு, அனுப்பு என்று திருப்பிக் கொடுத்தார்கள்; இந்தப் பத்தியை இப்போதுதான் மேலே சேர்க்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. எதற்கு வைத்திருந்தார்கள் என்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அப்பா குழி வெட்டினபோது தம்பியை என் மடியில் வைத்திருந்தார். எனக்கு ஒன்பது வயது. ஞானோபதேச வகுப்பில் அப்போதுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், ஆபத்து வேளையில் சாமியார் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று. உயிர் உள்ளவர்களுக்குத்தான் என்பதையும் சொல்லியிருந்தார்கள். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டவலை விலக்கி நெற்றியில் ஊற்றினேன். தந்தை, மகன், தூய ஆவியார் என்று எல்லாம் சொன்னேன். பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பையன் பெயர் ஃபெலிக்ஸ். அதைச் சொல்லிவிட்டேன்.

இறந்த பிள்ளைக்குத் தேவதிரவிய அனுமானமான ஞானஸ்நானத்தைக் கொடுத்தது விளையாட்டில்லை என்று வளர வளரப் புரிந்தது. சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை. 'சிறுவயதில் ஒரு தவறு' என்று சொல்லிக் கடந்துவிடுவேன். இன்னும் மூன்று மாதத்தில் வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறவள். நான் யாருக்காக இங்கே வந்தேன் என்று சில நாள் யோசிக்கிறேன்.

அவனுக்குப் பெயர் இருக்கிறது. அந்த அதிகாரி அம்மாவிடம் சொல்லி எழுத வை. அம்மாவிடமும் நீயே சொல், உனக்குத் தெரிந்த விதத்தில். என்மேல் கோபப்பட்டாரென்றால் அதையும் எழுது.

அக்கா
லினெட்


நெல்லித்தோப்பு
21 செப்டம்பர் 2025

என் அருமை அக்காவுக்கு வெற்றிச் செய்தி.

அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் இருமல், மற்ற எல்லோரும் நலம், குழி தள்ளிப் போய்விட்டது. கிணற்றுப் பக்கத்துக் கோட்டை அழித்துவிட்டுச் சந்துப் பக்கம் போட்டார்கள். இனி நான் சொல்வதை மதர் உட்கார்ந்து படிக்கட்டும்.

மேடம் கேட்டதைப் பாரதி முன்பே வீடு வீடாகச் சொல்லியிருந்தான், காலையிலேயே கூட்டம். ஒரு பக்கம் கண்ணையன் அணி, ஒரு பக்கம் முசே அணி, நடுவில் போலீஸ். மேனகா மேடம், ஆட்சேபணை இருப்பவர்கள் உள்ளே வரலாம் என்றார். நான்தான் முதலில் கயிற்றைத் தூக்கினேன். அம்மா, மணியம்மாள் அத்தை, பாரதியின் பெரியம்மா சந்திரகலா, இன்னும் தெரு முழுக்கப் பெண்கள் என் பின்னால் வந்தார்கள். "பெயர் சொல்லுங்கள்" என்றார் மேடம். நான் ஓர் அடி முன்னால் வைத்து, கிணற்றுச் சுவரைக் காட்டி, கணீரென்று சொன்னேன்: "ஃபெலிக்ஸ். லூயிஸ் ஞானமேரி மகன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு." வேப்பமரத்துக் காக்கை கூடக் கத்தவில்லை. முசே அமலோர் இருமலை விழுங்கிவிட்டார். அதைப் பார்த்துத்தான் மற்ற பெண்களும் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். மேடம் எழுத எழுதப் பேனா தீர்ந்து, வேறு பேனா வாங்கினார்.

வக்கீல்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆட்சேபித்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம். எடுபடவில்லை.

சந்துப் பக்கக் குழியில் என்ன கிடைத்தது என்று கேட்பாய். செங்கல், சுண்ணாம்பு, உடைந்த ஓடு. கோயில் செங்கல் என்கிறார் இவர், மாதா கோயில் செங்கல் என்கிறார் அவர். வழக்கு ஜனவரிக்குப் போய்விட்டது. பேனர்கள் மழையில் நனைந்து தொங்குகின்றன. எல்லாம் பழையபடிதான், ஆனால் தண்ணீர் லாரி வருகிறது, கிணற்றுப் பக்கம் மண் அப்படியே இருக்கிறது.

இப்படிக்குப் பிள்ளைமேட்டு வீரன்,
நெல்சன்


திண்டுக்கல்
12 அக்டோபர் 2025

அன்புத் தம்பிக்கு,

கடிதத்தைப் பலமுறை படித்தேன். சுகமாக இருக்கிறேன். சென்ற வாரம் காய்ச்சல் வந்து போய்விட்டது, அம்மாவிடம் சொல்லாதே.

நீ அவ்வளவு பேர் நடுவில் அவன் பெயரைச் சொன்னாய் என்பதை நினைத்தால் எனக்கு எழுத வரவில்லை.

ஒன்று மட்டும் அந்தக் கடிதத்தில் இல்லை. அம்மாவிடம் நீ எப்போது சொன்னாய்? அவர் என்ன சொன்னார்? நீ காக்கையைப் பற்றி எழுதினாய், முசே இருமலைப் பற்றி எழுதினாய். அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. கோபப்பட்டிருந்தால் மறைக்காதே. தெரியாமல் இங்கே உட்கார்ந்திருப்பதுதான் அலுப்பாக இருக்கிறது. தெரிந்துகொண்டு வார்த்தைப்பாட்டுக்குப் போகிறேன், அல்லது போகாமல் இருக்கிறேன். எதுவானாலும் தெரிந்துகொண்டு.

அப்பாவின் இருமல் எப்படி? உனக்கு என் ஆசீர்.

லினெட்


நெல்லித்தோப்பு
19 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். உனக்கு ஒரு பொட்டலம் வருகிறது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

போன கடிதத்தில் நான் எழுதியதில் காக்கை உண்மை. பேனா தீர்ந்தது உண்மை. மற்றதைத் திருத்தி எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து அம்மாவிடம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மா அரிசி களையும்போது போய் நிற்பேன். "என்னடா வேணும்" என்பார். ஒன்றுமில்லை என்று தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அந்த வாரம் நான் குடித்த தண்ணீருக்கு லாரி தனியாக வந்திருக்க வேண்டும். முந்தின நாள் வரை சொல்லவில்லை. அங்கே போய்ச் சமயம் வரும்போது கணீரென்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கயிற்றை நான் தூக்கவில்லை. மணியம்மாள் அத்தைதான் தூக்கினார். கயிற்றுக்கு வெளியே அவரும் அம்மாவும் செருப்பைக் கழற்றி, "புடிடா" என்று என் கையில் கொடுத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். பெற்றவர்கள் மட்டும்தான் போகலாம் என்று கான்ஸ்டபிள் என்னை நிறுத்திவிட்டார். அப்பா அவராகவே என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மேடம் முதலில் அத்தையைக் கேட்டார். அத்தை கொஞ்சம் யோசித்தார். "பேரு வெக்கறதுக்குள்ள பூட்டான்மா. செல்வம்னு எழுதிக்க" என்றார். முப்பது வருஷத்துக்கு முந்தைய பிள்ளை, அந்த நிமிஷம்தான் பெயர் வைத்தார். சந்திரகலா பெரியம்மா அழுதுகொண்டே கவிநிலா என்றார். அதுவும் அங்கேயே யோசித்தது. பிறகு அம்மா முறை. நான் வாயைத் திறந்தேன் அக்கா. சத்தியமாகத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

அம்மா தடுமாறவே இல்லை. "ஃபெலிக்ஸ்" என்றார்.

மேடம் எழுதிக்கொண்டே, "இப்ப வெச்ச பேரா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. பொதைக்கறப்பவே எங்க பெரிய பொண்ணு தண்ணி ஊத்தி வெச்ச பேரு. பதிமூணு வருஷமா அந்தப் பேர சொல்லித்தான் நான் வேண்டிக்கறேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "முதுகு திரும்பியிருந்தா காது கேக்காதாடா?" என்றார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், இடத்தையும் சேர்த்து. அம்மா அதைக் கேட்ட பிறகுதான் அன்றைக்கு ஒரு வாய்க் கஞ்சி குடித்தாராம். ஏன் அக்காவிடம் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்றேன். "அவளே சொல்லுவான்னு இருந்தோம். சொல்லல. சரி, சின்னப்புள்ள மனசுல மறந்துபூட்டா போலன்னு வுட்டுட்டோம்" என்றார். நீ மறக்கவில்லை என்று நான் சொன்னேன். அவர் வீட்டுக்கு வராமல் மறுபடி மேட்டுப் பக்கம் நடந்தார்.

உன் கடிதத்தை அன்று சாயங்காலம் அம்மாவிடமே கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து ஜெபப்புத்தகத்தில் வைத்தார். நீ கேட்ட கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. "இத்தினி நாளா தனியா சொமந்துக்கினு இருந்திருக்கா, கூறு கெட்டவ" என்றார். திட்டியது அவ்வளவுதான். உன்னிடம் சொல்லச் சொன்னார்: வார்த்தைப்பாடு கொடுத்தாலும் சரி, கொடுக்காமல் வந்தாலும் சரி, ஃபெலிக்ஸைக் காரணம் சொல்லக் கூடாதாம்.

ஆக, பிள்ளைமேட்டு வீரன் அன்றைக்குச் செய்த வேலை செருப்புப் பிடித்தது மட்டும்தான். அதையாவது ஒழுங்காகச் செய்தேனா என்றால், இரண்டு பேருடையதும் ஒரே மாதிரி நீல ரப்பர் செருப்பு. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் கலந்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது அம்மாவுக்கு அத்தையுடையது ஒன்று, அத்தைக்கு அம்மாவுடையது ஒன்று போய்விட்டது. இரண்டு பேரும் அப்படியேதான் வீடு வரைக்கும் நடந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அன்று இரவுதான் தெரிந்தது. மாற்றிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "அலுப்பா இருக்குதுடா, நாளைக்குப் பாக்கலாம்" என்று படுத்துத் தூங்கிவிட்டார்.

இன்னும் மாற்றவில்லை.

உன் தம்பி,
நெல்சன்